கருத்துப் பலகையும் பூவம்மாவின் கேள்வியும்

சிங்கப்பூர்த் தமிழர்கள் பேசக் கற்றுக்கொண்டது எந்த ஆண்டு என்று வருங்கால ஆய்வாளர்கள் கேட்டால், 1984 என்று தயங்காமல் சொல்வேன். அதற்கு முன்பு நாம் பேசவில்லையா என்றால், பேசினோம். சிராங்கூன் சாலைக் காப்பிக் கடையில் ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், இருவரும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அது வெறும் பேச்சு, 'கலந்துரையாடல்' அல்ல.

கலந்துரையாடலை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் திரு. அற்புதராஜ். டோபி காட் வட்டாரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் மன்றம் நடத்திய மேற்பார்வையாளர் சான்றிதழ் மாலை வகுப்புக்கு அவர் ஆசிரியர். நான் மாணவன், வகுப்புச் செயலாளரும்கூட. பெரிய ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்கில் மதிய உணவு உட்பட முழுமையாகப் பங்குகொண்டு திரும்பியவர், மறுநாளே பச்சைத் துணி போர்த்திய பலகை ஒன்றைச் சுவரில் மாட்டச் செய்தார். அதற்குக் 'கருத்துப் பலகை' என்று பெயரும் சூட்டப்பட்டது.

விதிகள் எளியவை. வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு கருத்தைத் தாளில் எழுதிக் குத்த வேண்டும். பிறர் கருத்துகளுக்கு மறுமொழியும் குத்த வேண்டும். மறுமொழிக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் அது விவாதத்தை வளர்க்க வேண்டும், மூடிவிடக் கூடாது. மூடுகிற மறுமொழிக்கு மதிப்பெண் இல்லை. ஆசிரியர் குறுக்கிடவே மாட்டார். குறுக்கிடாமல் இருப்பதற்கென்றே அவர் கருத்தரங்கில் தனிப் பயிற்சி பெற்றிருந்தார்.

"ஊசியைப் பலகையில குத்துங்க, ஆளைக் குத்தாதீங்க லா" என்று சொல்லி அவர் பலகையைத் திறந்துவைத்தார்.

எங்கள் வகுப்பு மலர்ந்தது. துறைமுக அலுவலக எழுத்தர் ஆம்ப்ரோஸ் எதையும் 'காலத்துக்கு ஏற்ற கருத்து' என்று வரவேற்பார். தட்டச்சர் சிவகாமசுந்தரி ஆம்ப்ரோஸை வழிமொழிந்து, 'எனினும்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பார். அச்சகத்தில் வேலை பார்த்த தங்கராஜுதான் எங்கள் எல்லோரையும்விட முன்னேறியவர். 'தங்கள் கருத்து என்னை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது' என்று ஒரு கட்டுத் துண்டுச்சீட்டு அச்சடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கட்டடக் காவலர் யாக்கூப், விவரம் அறியாமல், மாடிக் கழிவறைக் குழாய் உடைந்திருப்பதாக அதே பலகையில் ஒரு தாளைக் குத்திவிட்டார். அதற்கும் மறுமொழிகள் குவிந்தன. தண்ணீரின் அருமை குறித்து நானே ஒரு பக்கம் எழுதினேன். குழாயோ, அந்த ஆண்டு வகுப்புகள் முடியும்வரை ஒழுகிக்கொண்டிருந்தது.

இத்தகைய பொற்காலத்தில்தான் பூவம்மா கேள்வி கேட்டார்.

எங்கள் வகுப்பு மாணவி பூவம்மாவுக்கு மார்சிலிங்கில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் வேலை. அங்கே ஒரு வரிசைத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் லைன் லீடர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. இந்த ஆண்டுத் தேர்வில் தேறிச் சான்றிதழோடு வந்தால் அது அவருக்கு. இல்லாவிட்டால் வேறொருவருக்கு என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. மதிய ஷிஃப்ட் வாரங்களில் அவரால் மாலை வகுப்புக்கு வர முடியாது. காலையில் பஸ் பிடித்து வந்து, பலகையைப் படித்துவிட்டு, அப்படியே திரும்பி வேலைக்குப் போவார்.

அந்தச் சமயம் நிலத்தடி ரயிலுக்காக டோபி காட்டில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் தாங்காமல், தேர்வைத் தஞ்சோங் பகாரில் ஒரு கூடத்துக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. அற்புதராஜ் வகுப்பில் இதை வாய்மொழியாக அறிவித்தார். பூவம்மாவுக்கு அன்று மதிய ஷிஃப்ட். இடம் மாறலாம் என்று மட்டும் யாரோ சொல்லக் கேட்டிருந்தவர், மறுநாள் காலை வந்து ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்:

'தேர்வு டோபி காட்டிலா, வேறு இடத்திலா? தெரிந்தவர்கள் சொல்லவும்.'

இவ்வளவு சிறிய கேள்வி இவ்வளவு பெரிய விவாதத்தை எழுப்பும் என்று யார் கண்டார்? சகோதரியின் வினா காலத்துக்கு ஏற்றது என்றார் ஆம்ப்ரோஸ். சிவகாமசுந்தரி அதை வழிமொழிந்து, எனினும் 'இடம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும் என்றார். 'தேர்வு நம் வாழ்வில் எங்கும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது' என்று நான் எழுதியதைப் பலர் நின்று படித்தார்கள். தங்கராஜு சீட்டைக் குத்தினார். தாள்கள் பலகையை நிறைத்துச் சுவரில் ஏறின.

தினமும் காலையில் பூவம்மா வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்ததாக யாக்கூப் சொன்னார். ஒருநாள் பூவம்மா மன்றத்துக்கு ஃபோன் செய்தபோது நான் அற்புதராஜின் அருகில்தான் இருந்தேன். அந்த அம்மாவின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"சார், நான் பூவம்மா பேசுறேன். எக்ஸாம் எங்கன்னு மட்டும் சொல்லிடுங்க சார்."

"நான் சொல்லலாம்மா. சொல்லிட்டா மத்தவங்க பங்கேற்பு என்னாகிறது? அருமையாப் போய்க்கிட்டிருக்கு. போர்டைப் பாருங்க லா."

"பாத்துட்டுத்தான் சார் ஃபோன் பண்றேன்."

"அப்ப நல்லா வளருதுன்னு அர்த்தம்" என்று மகிழ்ந்து ரிசீவரை வைத்தார்.

உங்களுக்குத்தான் அந்தக் கூடம் நன்றாகத் தெரியுமே, சொல்லிவிடலாமே என்று ஆம்ப்ரோஸிடம் விளையாட்டாகக் கேட்டேன். அவர் அலுவலகம் அதற்கு எதிரில்தான். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சொன்னா விவாதம் மூடிக்கும் சார். என் மார்க்கை நீங்களா குடுப்பீங்க?"

தேர்வு நாளன்று பூவம்மா டோபி காட்டுக்குப் போயிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. "எல்லாரும் தஞ்சோங் பகார் போய்ட்டாங்களேம்மா, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று யாக்கூப் கேட்டாராம். அந்த மனிதருக்கு விவாத நாகரிகமே தெரியாது. ஒரே வரியில் மூடிவிட்டார்.

டாக்ஸி பிடித்து, தோண்டிய சாலைகளையெல்லாம் சுற்றிப் பூவம்மா வந்து சேர்ந்தபோது கூடத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடி வழியே அவர் முகம் தெரிந்தது. கேட்டுப் பார்த்தார், தாமதமாக வந்தவரை உள்ளே விட விதி இல்லை என்றார்கள். உள்ளே நாங்கள் 'குழு உரையாடலின் நன்மைகள்' என்ற கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்தோம். "பாவம், நல்ல கேள்வி கேட்டவங்க" என்று சிவகாமசுந்தரி முணுமுணுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

லைன் லீடர் இடம் வேறொருவருக்குப் போனது. ஆனால் எங்கள் மன்றம் நன்றி மறந்ததல்ல. ஆண்டு விழாவில் 'தலைசிறந்த பங்கேற்பாளர்' பரிசை அவருக்கே வழங்கினோம். அந்த ஆண்டில் மிக அதிகமான மறுமொழிகளைப் பெற்றது அவர் கேள்விதான். பரிசு, ஒரு பூப்போட்ட ஃப்ளாஸ்க். சால்வையும் உண்டு. இரண்டு வார்த்தை பேசும்படி அற்புதராஜ் அவரைக் கேட்டுக்கொண்டார்.

பூவம்மா ஃப்ளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒலிவாங்கியின் முன் வந்தார்.

"பரிசுக்கு நன்றிங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அடுத்த எக்ஸாம் எப்ப, எங்க?"

அரங்கம் அதிர்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். எத்தனை ஆழமான கேள்வி என்று மன்றத் தலைவர் நெகிழ்ந்தார். எனினும், என்று சிவகாமசுந்தரி தொடங்கினார். தங்கராஜு சட்டைப்பையைத் துழாவினார். தேதியும் இடமும் முந்தின நாளே முடிவாகி, எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தன.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் பூவம்மா ஒலிவாங்கியின் முன்னாலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கைதட்டிய பிறகும் இவர் ஏன் இறங்காமல் நிற்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.