தும்புத்தடி தூக்கிய பயில்வான்

கண்டியில் எத்தனையோ பலசாலிகளைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு வாயில்தான் பலம். உண்மையான பலசாலி ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. தும்புத்தடி நானா என்றால்தான் தெரியும். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். தும்புத்தடியைத் தூக்கியதால் வந்த பெயர். ஆமாம், வீடு கூட்டுகிற அதே தும்புத்தடிதான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஆளுக்கு ஊர் கண்டிக்குப் பக்கத்திலுள்ள மடவளை. கட்டுகஸ்தோட்டையில் ஆணி, கம்பி விற்கிற ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். பின்னேரங்களில் எங்கள் தேகப்பயிற்சிக் கழகத்துக்கு வருவார். கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, கொஞ்சம் இரும்பு, ஒரு உடைந்த கண்ணாடி. அங்கே இருந்த இரும்புத் தட்டு எல்லாவற்றையும் தண்டில் மாட்டித் தலைக்கு மேலே தூக்கக்கூடிய ஒரே ஆள் நானாதான். ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சி எப்போதும் அதுதான். அதைப் பார்க்காமல் சனம் வீட்டுக்குப் போகாது.

அவருடைய இடுப்பு போனது இரும்பால் அல்ல, புரியாணியால். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க நாலு பேர் வந்தார்கள்.

"தள்ளுங்கடா! இதுக்குப் போய் நாலு பேரா?" என்று நானா குனிந்தார்.

அண்டா இறங்கியது. நானா நிமிரவில்லை. ஒரு பருக்கை சிந்தாமல் அண்டாவை வைத்துவிட்டு, வளைந்தபடியே, "எல்லாரும் சாப்புடுங்க, எனக்கு ஒரு வேன் கொண்டாங்க" என்றார். வந்த விருந்தாளிகள் முதல் பாதியை மட்டும்தான் உடனே நிறைவேற்றினார்கள்.

பிறகு ஊர் வைத்தியர்கள் படையெடுத்தார்கள். ஒருவன் எண்ணெய் கொண்டுவந்தான். இன்னொருவன் முதுகில் ஏறி மிதிக்கிறேன் என்று செருப்பைக் கழற்றினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செருப்பை எடுத்து ரோட்டில் வீசினேன். நானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற மிஸ்ஸிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நானாவின் தோளுக்குக்கூட வரமாட்டா.

"மிஸ், நான் திரும்ப பாரம் தூக்கலாமா?"

"ஓம், தூக்கலாம். ஆனா இப்ப இல்லை. முதல்ல சமதரையில நடவுங்கோ. இடுப்பு நோ காலுக்கு இறங்கினா, கால் விறைச்சா, உடனே நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ. அவசரப்பட்டா இடுப்பு திரும்பப் போகும். பிறகு பாரத்தை மறக்க வேண்டியதுதான்."

பெற்ற தகப்பன் சொல்லையே கேட்காத மனுஷன். அந்தப் பிள்ளை சொன்னதிலிருந்து ஒரு அங்குலம் விலகவில்லை.

ஆனால் சமதரைக்குக் கண்டியில் எங்கே போவது? இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் பள்ளம். சமதரை என்றால் கண்டி வாவிக்கரை ஒன்றுதான். அதைச் சுற்றி நடப்பதற்கென்றே மடவளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். எதிரில் வருகிறவர் மரியாதைக்கு "சுகமா நானா?" என்றால் போதும், ரேடியோவில் காலநிலை சொல்வதுபோல ஆரம்பிப்பார்: "இண்டைக்கு நோவு இடுப்புலதான் ஈக்குது. காலுக்கு எறங்கல்ல. பின்னேரம் பாத்துச் செல்றேன்." மடவளைப் பேச்சில் செல்வது என்றால் சொல்வது.

தும்மல்தான் பெரிய கூத்து. தும்மினால் இடுப்பில் மின்சாரம் அடிக்குமாம். அதனால் ஏதாவது கம்பத்தைப் பிடித்து, முழங்காலை மடித்து, "தும்மப் போறேன்!" என்று அறிவித்துவிட்டுத்தான் தும்முவார். ஒருநாள் பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து நின்று, "கொண்டக்டர் தம்பி, தும்மல் வருது, பஸ்ஸ நிப்பாட்டுங்க!" என்று சத்தம் போட்டார். அந்தப் பையனும் பயந்து மணியை அடித்துவிட்டான். பஸ் நின்றது. தும்மல் வரவில்லை. "இப்பப் போகலாம்" என்றார் நானா.

மாதக்கணக்கில் நடந்த பிறகு, வெறும் தடியோடு ஆரம்பிக்கலாம் என்று மிஸ் சொன்னா. மறுநாளே தும்புத்தடியோடு கழகத்துக்கு வந்தார். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, மூச்சை அடக்காமல் விட்டபடி, அந்தத் தடியை முழுப் பாரத்தைத் தூக்குகிற கவனத்தோடு தூக்கினார்.

"நானா, அப்படியே கொட்டகையையும் கூட்டிட்டுப் போங்க!" என்றான் ஒருத்தன்.

நானா கூட்டிவிட்டுத்தான் போனார்.

பிறகு தடியின் இரண்டு முனையிலும் பருப்புப் பைகள் தொங்கின. அடுத்தது வெறும் இரும்புத் தண்டு. அதற்கப்புறம்தான் சின்னத் தட்டுகள். நோவு கூடினால் கூச்சமே இல்லாமல் பருப்புப் பைக்குத் திரும்பிப் போவார்.

இதற்குள் ஆண்டு விழா வந்துவிட்டது. எங்கள் செயலாளர் ஒரு புத்திகெட்ட மனுஷன். நானாவிடம் கேட்காமலே அவர் தூக்குவார் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்.

"ஒரே ஒரு தரம் நானா. கழகத்தோட மானம்."

"கழகத்துட மானத்தத் தூக்க என்ட இடுப்பா கெடச்சிச்சு?"

ஆனாலும் மேடைக்கு வந்தார். தண்டில் முழுப் பாரமும் மாட்டியிருந்தது. சனம் விசிலடித்தது. நானா நிதானமாகத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் இரண்டு சின்னத் தட்டுகள்தான் மிச்சம். மிஸ் அதுவரைக்கும்தான் அனுமதித்திருந்தா. அதை அழகாகத் தூக்கி, அழகாக இறக்கி வைத்தார்.

"என் பொண்டாட்டி தூக்கற தண்ணிக்குடம் இதைவிடப் பாரம்!" என்று ஒருத்தன் கத்தினான்.

"அப்ப நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க, கழகத்துல சேத்துக்கிறோம்" என்றார் நானா.

அதற்கும் அடங்காமல் மண்டபமே நானாவைப் பார்த்து ஊளையிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினவன் தலையில் போட, நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கக் குனிந்தேன். மேடையிலிருந்து நானாவின் சத்தம் வந்தது: "டேய்! முழங்கால மடிச்சுக் குனிடா!"

அதன் பிறகு ஊரில் நானாவின் கதை முடிந்துவிட்டதென்றுதான் பேச்சு. அவர் கழகத்துக்கு வருவதும் பாரம் தூக்கிப் பழகுவதும் மட்டும் நிற்கவில்லை. பல மாதம் கழித்து ஒரு மழைநாள் பின்னேரம், கொட்டகையில் நாங்கள் இரண்டே பேர். நானா ஒவ்வொரு தட்டாக மாட்டினார். மாட்டுவதற்கு வேறு தட்டே இல்லாமல் போனது. என்னைப் பார்க்கவே இல்லை. மூச்சை விட்டார். தண்டு தலைக்கு மேலே போய் நின்றது. பிறகு சத்தமில்லாமல் தரைக்கு வந்தது.

நான் கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடப்போனேன்.

"வாய மூடு. ஒருத்தனுக்கும் செல்லாத. செல்லினா நாளைக்கே மேடை போட்டுருவானுகள்."

வாயை மூடுவது எனக்குப் பெரிய வேலை. இருந்தும் இத்தனை வருஷம் மூடியிருந்தேன். இனி முடியாது. அன்று மண்டபத்தில் ஊளையிட்டவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: நானா தூக்கினார். முழுப் பாரத்தையும் தூக்கினார். நான் கண்ணால் பார்த்தேன்.

இதைப் படித்தால் நானா என்னை ஏசுவார். ஏசட்டும். அவருடைய ஏச்சைக் கேட்டு நாளாகிவிட்டது.