மேல் வீட்டுக்கு ஒரு தேங்க் யூ

மகள் புத்தகத்தைத் திறந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் டிரம்பெட் முழங்கியது.

"அப்பா, திங்கட்கிழமை பரீட்சை. இந்தத் தடவையும் போச்சுன்னா சி.ஏ.வையே தலைமுழுகிடுவேன்," என்றாள். ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் துண்டு.

"நான் போய்ச் சொல்லிட்டு வரவா?" என்று மனைவி எழுந்தாள்.

"நீ உட்காரு. அந்த ஆளுக்குத் தமிழ் வராது. இங்கிலீஷ் விவகாரத்தை என்கிட்ட விடு," என்றார் தலைமை எழுத்தரான அப்பா.

அந்த ஆள் குடிவந்த அன்று இவர்தான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தேங்க் யூ, சார்," என்றார் அவர். இவர் சும்மா விடுவாரா? "யூ ஆர் மோஸ்ட் வெல்கம், சார். தி பிளெஷர் இஸ் என்டயர்லி மைன்!" என்று எடுத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆங்கிலம்தான் ஆட்சிமொழி.

மின்விசிறி கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் தலைமை எழுத்தர் இவர். இறக்கை கழன்று கட்டிலில் விழுந்தது என்று யாராவது எழுதினால், எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி என்று ஆரம்பித்து, தங்கள் பொறுமைக்கு நன்றி என்று முடிப்பார். நடுவில் ஒன்றும் இருக்காது. வாழ்நாளெல்லாம் அந்த ஆங்கிலத்தில் ஊறியவர். அதில் 'நிறுத்து' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறினார். கதவு திறந்தது.

"தேங்க் யூ ஃபார் யுவர் மியூசிக், சார். வி ஹியர் இட் டவுன்ஸ்டேர்ஸ். வெரி கிளியர்லி."

மேல் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்து, "தேங்க் யூ," என்றார்.

"நெஞ்சுல கை வச்சுட்டாரு. மனசு உறுத்துது. இனிமே சத்தம் வராது," என்று இறங்கி வந்து அறிவித்தார்.

அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு மணி நேரம் வாசிப்பு நடந்தது.

மறுநாள் கொஞ்சம் கடுமையாகவே போனார். "வி ஆர் டீப்லி இன்டெப்டட் டு யூ, சார். தேங்க் யூ இன் அட்வான்ஸ் ஃபார் யுவர் கைண்ட் கோஆபரேஷன்."

"தேங்க் யூ, தேங்க் யூ," என்றார் அவர்.

"அட்வான்ஸா தேங்க்ஸ் சொல்லிட்டேன். எங்க ஆபீஸ்ல அதுதான் கடைசி எச்சரிக்கை. அதுக்கு மேல வக்கீல்தான்," என்று மனைவியிடம் சொல்லி மீசையைத் தடவினார்.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலையிலும் டிரம்பெட் ஆரம்பித்தது. மகள் குளியலறைக்குக் குடிபெயர்ந்தாள். கவிழ்த்த வாளிதான் மேசை.

"ஸ்டாப்புன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்று மனைவி பொரிந்தாள்.

"அது பட்டிக்காட்டு இங்கிலீஷ். இன்னைக்குப் பாரு, பிரம்மாஸ்திரம்."

பிரம்மாஸ்திரம் இதுதான்: "வேர்ட்ஸ் ஃபெயில் மீ, சார். ஐ கேன் நெவர் தேங்க் யூ இனஃப்!"

மேல் வீட்டுக்காரரின் கண் கலங்கிவிட்டது. உள்ளே போனார். டிரம்பெட்டையும் ஒரு மடக்கு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு இவர் பின்னாலேயே இறங்கி வந்தார். நடுக்கூடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்து ஊத ஆரம்பித்துவிட்டார்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குளியலறைக் கதவு திறந்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் வெளியே வந்தாள். அழுதிருந்தாள். அதைப் பார்த்ததும் தலைமை எழுத்தர், பெண்ணின் படிப்பைவிடத் தன் இங்கிலீஷ் பெரிதாகப் போய்விட்டதே என்று முதல்முறையாக வெட்கப்பட்டார். பாட்டு முடிந்ததும் தைரியத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார்.

"தேங்க் யூ," என்றது வாய்.

மேல் வீட்டுக்காரர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

"ஐயோ கடவுளே, என் பொண்ணோட பரீட்சை போச்சே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவரைத் தேடி மூச்சிரைக்க இறங்கி வந்த மேல் வீட்டு அம்மாள், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு ஓடி வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்குத் தமிழ் தெரியுமா? அப்பாடா! ஊதவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி, இந்த வாரத்தோட நிறுத்திட்டு இதை வித்துடலாம்னு இருந்தவரும்மா இவரு. உங்க வீட்டுக்காரர் தினமும் படியேறி வந்து உருகி உருகிக் கேக்குறாரேன்னுதான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊதுறாரு. எங்களுக்கு இங்கிலீஷ்ல தேங்க் யூவைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது, போதும்னு நீங்களாவது அவர்கிட்ட சொல்லக்கூடாதா?"