வெளுத்த காரும் கோபக் கட்டிலும்

நந்தியால்,
ஞாயிறு, வெயில் ஏறுவதற்கு முன்

மகா கனம் பொருந்திய மச்சான் கோதண்டராமய்யா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் ஓபுலேசு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். சுகமாக இருப்பதாகத் தெருவில் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வருகிறேன். அங்கே தாங்களும், அக்காவும், தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளியும் சுகமா? விருந்தாளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. திரும்பி வரச் சொல்லியும் எழுதப்போவதில்லை. இது முழுக்க முழுக்கக் கார் சம்பந்தப்பட்ட கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீட்டையே கூட்டி உட்காரவைப்பீர்கள்.

அனசூயா (பார்த்தீர்களா, பேனா தானாக எழுதிவிட்டது) உங்களிடம் என்னென்ன சொன்னாளோ தெரியாது. நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு லாரி குறுக்கே வந்தது. அவள் வழக்கம்போல அகோபிலத்துச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாக வெயில் குடித்த பிளாஸ்டிக் மச்சான், சாம்பல் பூத்துக் கிடக்கிறது, அப்பளம் மாதிரி எப்போது நொறுங்குமோ என்று இருக்கிறது. "கையை எடுடி, வெடிச்சிரப்போவுது" என்றேன். தப்பா? "லாரி மேல வருது, உங்களுக்குப் பிளாஸ்டிக்குதான் பெருசாப் போச்சா?" என்றாள். கதவோரத்துப் பிளாஸ்டிக்கிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொடி அவளுடைய பச்சைப் பட்டில் வேறு ஒட்டியிருந்தது, அதையும் காட்டினாள். "காருக்குத் தகுந்த சேலை கட்டணும்" என்றேன். பஸ் ஸ்டாண்டு வந்ததும் "நிறுத்துங்க" என்றாள். மல்லிகைப்பூ வாங்கத்தான் இறங்குகிறாள் என்று நானும் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் நெல்லூர் பஸ் ஜன்னலில் அவள் தலை தெரிகிறது.

அவள் உங்கள் வீட்டு நடு அறைக் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பதாக அக்கா சொன்னாள். அது எந்தக் கட்டில் என்று ஞாபகம் இருக்கிறதா மச்சான்? எங்கள் கல்யாணத்தில், நம் வழக்கப்படி மாப்பிள்ளை முறுக்கோடு, மாமனார் சீர் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நான் கோபித்துப் படுத்த அதே கட்டில்! உங்கள் அப்பா பக்கத்தில் வந்து குனிந்து, "என்ன வேணும் மாப்பிள்ளை, வாயைத் திறந்து சொல்லுங்க" என்று கேட்டார். நான் ஸ்கூட்டர்தான் கேட்க நினைத்தேன். வெட்கத்தில் வாய் வரவில்லை. அந்த மனுஷன் என்ன நினைத்தாரோ, தான் ஓட்டிக்கொண்டிருந்த காரின் சாவியை எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டுப் போனார். அப்படி வந்த கார் இது. அதை நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பது தப்பா?

சரி, பிளாஸ்டிக்தானே குறை, அதைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். முதலில் கறுப்பு ஷூ பாலிஷ். தேய்த்ததும் கதவெல்லாம் அப்படியொரு மினுமினுப்பு! எதிர்வீட்டுச் சுப்பாராயுடு புதுமனை புகுவிழாவுக்கு வெள்ளைப் பஞ்சகச்சமும் வெள்ளை ஜிப்பாவுமாகக் கிளம்பி நின்றான், பெருமையாக ஏற்றிக்கொண்டு போனேன். இறங்கும்போது முழங்கை வரை கறுப்பு. அந்தக் கையாலேயே முகத்து வேர்வையைத் துடைத்திருக்கிறான். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அந்த வீட்டு அம்மா ஒரு அடி பின்னால் போனாள். "திருஷ்டி கழிக்க உன்னையே கூப்பிட்டாங்களாடா?" என்று யாரோ கேட்டார்கள். சுப்பாராயுடு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டுவதோடு சரி.

பிறகு, சூடு காட்டினால் பிளாஸ்டிக்கில் பழைய கறுப்பு திரும்பும் என்று யாரோ சொல்லக் கேட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனேன். லேசாகத்தான் காட்டினேன். ஜன்னல் ஏற்றுகிற கைப்பிடி சுருண்டு ஜிலேபி ஆகிவிட்டது. இப்போது அந்த ஜன்னல் பாதியில் நிற்கிறது, ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, உங்கள் தங்கை மாதிரி.

அடுத்தது எண்ணெய். அனசூயா போவதற்கு முந்தின நாள் பஜ்ஜி சுட்டு மூடி வைத்திருந்த கடலை எண்ணெய் இருந்தது. அதைப் பூசி வெயிலில் நிறுத்தினேன். மே மாத நந்தியால் வெயில் உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கெல்லாம் தெருவே மணக்கிறது. சுப்பாராயுடு மாடியிலிருந்து, "ஓபுலேசு, கார்ல மிளகாய் பஜ்ஜியா? நாலு பொட்டலம் கட்டு, தொட்டுக்கப் பொரி உக்கானியும் சேர்த்து வை!" என்று கத்துகிறான். எறும்பு வரிசை கட்டி வந்தது. ரெண்டு நாய்கள் சக்கரத்தடியிலேயே குடிவந்துவிட்டன. சோப்புத் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்தேன். காய்ந்ததும் மறுபடி அதே சாம்பல். அட போடா என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் மச்சான், முன்சீட்டில் சோர்ந்துபோய் உட்கார்ந்தவன் கவனித்தேன். டாஷ்போர்டு முழுக்க வெளுத்துக் கிடக்க, அவள் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் கன்னங்கரேலென்று, கார் வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. அழுக்கு என்று சுரண்டப் போனேன். விரல் விரலாக இருந்தது. அவள் கை. வெளியே கிளம்பும்போதெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவித் தலைவாரிக்கொண்டு, கையைச் சரியாகத் துடைக்காமலே ஓடிவந்து ஏறுவாள், நான்தான் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவேனே. அந்தக் கையோடு அத்தனை வருஷமும் அதே இடத்தைப் பிடித்திருக்கிறாள். வெயிலுக்கு மருந்து தேங்காய் எண்ணெய்தான் என்று அந்தக் கைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அலமாரியிலிருந்து அவள் பாட்டிலை எடுத்து, பழைய பனியன் துணியில் தொட்டு, ஒரு மூலை விடாமல் மெல்லத் தேய்த்தேன். என்ன சொல்லட்டும்! கார் உங்கள் அப்பா கொடுத்த அன்று போல ஆகிவிட்டது. சுப்பாராயுடுவே இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடேய், தேறிட்டியே!" என்றான். தொடச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான்.

ஆக, கார் பிரமாதமாக இருக்கிறது, பட்டுச் சேலைக்கு இனி பயமில்லை, நானும் பிரமாதமாக இருக்கிறேன் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் காதில் விழும்படி ஒருமுறை உரக்கப் படியுங்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அகோபிலத்துச் சாமி எல்லோரையும் காக்கட்டும், விருந்தாளியைக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
குறையொன்றும் இல்லாத
ஓபுலேசு

பின்குறிப்பு: மேலே எழுதியதை உரக்கப் படிக்காதீர்கள் மச்சான். ஒட்டுவதற்கு முன்னால் காரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். எல்லா இடமும் ஒரே கறுப்பாகிவிட்டதில் அந்தக் கையைக் காணோம். டார்ச் அடித்துத் தேடினேன், சாய்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், இல்லை. யாருடைய காரிலோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது மச்சான், சுப்பாராயுடுவிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அப்பா என்னிடம் கேட்ட மாதிரி நீங்கள் அந்தக் கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து, "என்னம்மா வேணும்?" என்று அவளிடம் கேளுங்கள். காரை விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், நிஜமாகத்தான் சொல்கிறேன். நெல்லூரிலிருந்து நந்தியால் வரை ஒரே ஒரு தடவை மட்டும் அதில் வரட்டும். மாட்டுவண்டி மாதிரி ஓட்டுகிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளட்டும், நான் ஹாரன் அடிக்க மாட்டேன். பிளாஸ்டிக் வெடித்தால் வெடித்துவிட்டுப் போகிறது, கையை அங்கேயே வைக்கச் சொல்லுங்கள்.