இருவரும் சரி என்று வெளியிட்ட ஆசிரியருக்கு

இரணியல்

ஞாயிறு மலர் ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆறுமுகப்பெருமாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. அதற்குத் தங்கள் பத்திரிகைதான் காரணம்.

சென்ற மாதம், மனிதன் எங்கிருந்து வந்தான் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எப்படி வந்தான் என்பதை அறிவியல் சொல்கிறது, எதற்காக வந்தான் என்பதை வேதங்கள் சொல்கின்றன, இரண்டுக்கும் சண்டையே இல்லை என்று முடித்திருந்தார் அதை எழுதிய பேராசிரியர். அவருக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார். சண்டை என் வீட்டு முன்னறையில் அல்லவா நடந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஆன்ஸ்லின், ரப்பர் ஷீட் வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருப்பவர். கர்த்தர் மண்ணைப் பிசைந்து ஆதாமைச் செய்தார் என்பது அவர் கட்சி. குரங்கும் நாமும் ஒரே பூட்டன் வழி வந்தவர்கள் என்பது என் கட்சி. தினமும் சாயங்காலம் வருவார், பால் விடாமல் கட்டன்சாயா போடுவேன், இருட்டும்வரை கத்துவோம். ஏவாளுக்கு விலா எலும்பைக் கொடுத்ததால் ஆணுக்கு ஒன்று குறைவு என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, இருமலுக்காக நாகர்கோவிலில் எடுத்த என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இருவரும் எண்ணினோம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. படம் எடுத்தவனுக்குக் கைநடுக்கம் என்று சொல்லிவிட்டார். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தபோது தூக்க வந்ததும் அவர்தான். வலிக்கிற இடம் வால் இருந்த இடமாக்கும் என்று அந்த நிலையிலும் நான் விளக்க, தூக்குவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதர், தங்கள் கட்டுரை வந்த அன்று பத்திரிகையும் கையுமாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, நீங்களும் சரி, நானும் சரியாக்கும். இனி பேச என்ன கெடக்கு?" என்றார். சாயாவைக்கூட முழுக்கக் குடிக்கவில்லை. அதன்பிறகு வரவில்லை.

நானே வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போய், ஆதாமுக்குத் தொப்புள் உண்டா என்று கேட்டேன். முன்பென்றால் அவர் மனைவி விக்டோரியா வெளியே வந்து இருவரையும் அதட்டுகிற அளவுக்குச் சத்தம் ஏறியிருக்கும். இப்போது ஆன்ஸ்லின், அதுவும் இருக்கும் என்று சிரித்துவிட்டு டிவியைப் பார்த்தார். அடுத்து, அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யாவழிக்காரர், பக்கத்து வீட்டு வைகுண்டராஜனைப் பிடித்தேன். பொறுமையாகக் கேட்டார், எல்லாம் அய்யாவுக்குள் அடக்கம் என்றார், வாழைக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஸ்ரீகுமாரிடம் சொன்னால், யூடியூபில் எல்லாம் இருக்கிறது, பாருங்கள் என்கிறான். பார்த்தேன். அதில் பேசுகிறவன், நான் எதிர்க்கேள்வி கேட்டாலும் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போகிறான். சாயங்காலமானால் வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது ஐயா.

ஆகவே, அறிவியல் மட்டும்தான் சரி என்றோ, வேதம் மட்டும்தான் சரி என்றோ உடனடியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். எது என்று எனக்கு நிர்ப்பந்தமில்லை. கொஞ்சம் காரமாக எழுதச் சொல்லுங்கள், போதும்.

தங்கள் பத்திரிகை ஓங்கி வளரவும், தங்கள் வீட்டில் சண்டைக்கு ஆள் குறையாமல் இருக்கவும் தாணுமாலயன் அருள்புரியட்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகப்பெருமாள்

பி.கு.: இதைப் பிரசுரித்துவிடாதீர்கள். ஆன்ஸ்லின் தங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். உண்மையில் குரங்கைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. என் மனைவி உலகம்மை இறந்து, காரியம் முடிந்து, மகனும் விமானம் ஏறிய அன்று சிலர் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க வந்திருந்தார்கள். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போனார்கள். கடைசியில் ஆன்ஸ்லின் மட்டும் இருந்தார். மண்ணிலிருந்து எடுத்தவர் மண்ணுக்கே அழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டு அவரும் போய்ச் செருப்பை மாட்டினார். அவரும் போய்விட்டால் வீட்டில் நான் ஒருவன்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்: "மண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனுசன் கொரங்கில இருந்தாக்கும் வந்தான்." அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.