தண்ணீர் ஏறும் நேரம்

"பாத்தியா, எழுந்திருச்சிடுச்சு!" என்றார் கமில், மரச்செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டே.

அடுப்போரம் படுத்திருந்த பிக் காதை விறைத்துக்கொண்டு நின்றது. ஸ்கிப்பர்க்கி சாதி நாய். கரி நிறம், நரி மூஞ்சி, கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர். வால் கிடையாது. இருட்டு மூலையில் நின்றால் எது முன்பக்கம் என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஆத்துல தண்ணி ஏறுது. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சுவத்துல நீ மாட்டி வச்ச அட்டவணையிலயும் மூணு மணின்னுதான் போட்டிருக்கு," என்றாள் மனைவி இர்மா, பீன்ஸ் நறுக்கியபடி.

கமில் நாற்பது வருஷம் சரக்குப் படகு ஓட்டியவர். ரூபெல்மொண்டெ என்ற அந்த ஆற்றங்கரை ஊரில் கடல் ஏறினால் ஆறும் ஏறும், வற்றினால் வற்றும். கரையில் கட்டிய படகின் கயிற்றை ஒவ்வொரு தடவையும் தளர்த்த வேண்டும், இறுக்க வேண்டும். கமில் முன்னே, பிக் பின்னே, படகோரமாக ஒரு சுற்று. வசந்தத்தில் படகை விற்று வீடு வாங்கியாயிற்று. சுற்று மட்டும் நிற்கவில்லை. இப்போது இருவரும் வீட்டைச் சுற்றினார்கள்.

"நாய்க்குப் படகு ஞாபகம், இர்மா. ஒன்பது வயசுல தூக்கமில்லாம அலைஞ்சா செத்துடும்." அவருக்கு உண்மையாகவே பயம். பிக்கின் விலா எலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது.

"படகுக்கு என் பேரை வேற வச்சுத் தொலைச்சே. 'இர்மா இப்ப எங்க இருப்பாளோ'ன்னு நீ பெருமூச்சு விடறப்பல்லாம், 'இங்கதான் இருக்கேன்'னு நான் அடுப்படியிலேர்ந்து கத்த வேண்டியிருக்கு."

வீடும் படகு மாதிரி பத்திரமாகக் கட்டிக் கிடக்கிறது என்று நாய் நம்பினால் தூங்கும் என்று கமிலுக்குத் தோன்றியது. வாசல் கதவிலிருந்து எதிர்த் தெருவிளக்குவரை பழைய படகுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். தபால்காரர் சைக்கிளோடு விழுந்தார். கடிதங்கள் சாக்கடையில் மிதந்தன. நாய் தூங்கவில்லை.

படகின் இன்ஜின் சத்தத்தில் பிக் நன்றாகத் தூங்குமே! கொட்டகையில் ஒரு டீசல் இன்ஜினை வாங்கி வைத்து ஓடவிட்டார். சுவர் அதிர்ந்து, பக்கத்துக் கடையில் செருப்புத் தைக்கும் ஒக்டாஃபின் அலமாரி சரிந்தது. நாற்பது ஜோடி கலந்துபோய், ஊரில் பாதிப்பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்தவர் ஷூவில் தேவாலயத்துக்கு நொண்டினார்கள்.

"யோவ் கமில், உனக்கு எதுக்கு இந்த நாய்?" என்று பாய்ந்தார் ஒக்டாஃப். "பிரஸ்ஸல்ஸ்ல செருப்புத் தைக்கிற எங்க ஆளுங்க அந்தக் காலத்துல கழுத்துல பித்தளைப் பட்டை போட்டு ஞாயித்துக்கிழமை ஊர்வலம் விட்ட சாதி இது!"

"ஸ்கிப்பர்க்கிங்கற பேருக்கே குட்டிப் படகுக்காரன்னுதான்யா அர்த்தம். உன் தோலை மோந்து பாக்கவா பொறந்துச்சு?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, இன்ஜின் சத்தத்திலும் நாய் தூங்கவில்லை. கடைசி வழி ஒன்றுதான் இருந்தது. படகை வாங்கிய இளைஞன் சனிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறான். பிக்கை அவனிடமே கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நீ தாங்குவியா?" என்று கேட்டாள் இர்மா.

"அது தூங்கினா போதும்."

வெள்ளிக்கிழமை பிக்கின் கழுத்துப்பட்டையைப் பளபளவென்று துடைத்தார். துடைக்கத் துடைக்க, பனியில் நனைந்த மேல்தளமும், டீசலோடு கலந்த காபி வாசனையும், காலடியில் கறுப்பாக ஓடி வந்த குட்டியும் நினைவுக்கு வந்து கண்ணை மறைத்தன. பட்டையில் ஒரு தையல் பிரிந்திருந்தது. வேறு வழியில்லாமல் ஒக்டாஃபின் கடைக்கே போனார்.

விஷயத்தைக் கேட்ட ஒக்டாஃப் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீ சீட்டாடப் போற மத்தியானமெல்லாம் அது எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எங்க?"

"இந்தப் பெஞ்சுக்கடியிலதான். தண்ணி ஏறும், வத்தும், கோயில் மணி அடிக்கும், குறட்டை நிக்காது. தெருவுல உன் மரச்செருப்புச் சத்தம் கேட்டாத்தான்யா அலறி அடிச்சுக்கிட்டு எழுந்திருக்கும்: கிழவன் சுத்தக் கிளம்பிட்டான், எங்க தண்ணியில விழுந்து தொலைக்கப் போறானோன்னு!"