கப்பலம்மையின் மலையாளம்

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் மகாராஜாவைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாத மனுஷி ஒருத்தி உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டுக் கப்பலம்மைதான். மகாராஜாவுக்காவது பயப்பட்டாளா என்பதை நான் விசாரித்ததில்லை. கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று மூன்று சீமை பார்த்தவள். எங்கள் ஊர் இருந்த பாறசாலைப் பக்கத்தில் மற்ற பெண்கள் பார்த்த தூரதேசம் நெய்யாற்றின்கரைதான். அதுவும் கல்யாணமோ சாவோ வந்தால்தான் உண்டு. அவளுடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

நாகர்கோவில் பக்கமிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியும்முன் வண்டியேறிவிடுவார். வீட்டில் அவருடைய அத்தை ஒருத்தி இருந்தாள். என்ன வேண்டுதலோ, எந்நேரமும் மௌன விரதம். ஆக, எனக்குப் பேச்சுத்துணை கிணற்று வாளிதான். இப்படி இருக்கையில் ஒருநாள் வேலியை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மக்கா, நீ அழுவுதியா, இல்ல உள்ளி உரிக்கியா?"

"உள்ளியாக்கும்," என்றேன்.

"உள்ளின்னா கையில உள்ளி வேணும்லா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே அவள் முதலில் கப்பலேறிய கதையைச் சொன்னாள். பிழைக்கப்போன கணவரிடமிருந்து வெகுநாள் தகவலே இல்லை. இவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினாள். கொழும்பில் அவர் குமாஸ்தாவாக இருந்த அரிசி மண்டியை விசாரித்துக் கண்டுபிடித்து, வாசலில் போய் நின்றாள்.

"போய் என்ன கேட்டிய?"

"சோறு தின்னாச்சான்னு கேட்டேன்."

"அதுக்கு அவிய?"

"இல்லன்னாரு. பயத்துல வேற என்ன சொல்லுவாரு?"

அதன்பிறகு மண்டிக்காரர் அவரை எந்தச் சீமைக்கு மாற்றினாலும் மூட்டை முடிச்சோடு இவளும் கூடவே போனாள். கடைசியில் ஊர் திரும்பியபோது, கடல் தாண்டியவளோடு ஒரே பந்தியில் இருக்கலாமா என்று சில பெரிய மனிதர்கள் இழுத்தார்கள். கப்பலம்மை நடுப்பந்தலில் நின்று, "நான் எங்க தாண்டினேன்? நான் கப்பல்ல சும்மாத்தான் இருந்தேன். கடலாக்கும் அடியில கூடி ஓடிச்சு!" என்றாள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இவள் பாயசத்துக்கு வந்துவிட்டாள்.

பினாங்கிலிருந்து ஒரு பித்தளை மணி கொண்டுவந்திருந்தாள். கணவருக்குக் காது மந்தம். எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காது, மணி மட்டும் கேட்கும். ஆகையால் சோறு வெந்ததும் மணியடிப்பாள். கோயில் இரண்டு வீடு தள்ளித்தான். தெருவில் போகிறவர்கள் உச்சிபூஜை என்று நினைத்து, நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பூஜை செய்யும் போற்றி கோபமாக வந்தார்.

"உம்ம சாமிக்கு அங்க நைவேத்தியம், எனக்க சாமிக்கு இங்க நைவேத்தியம். கும்பிட்டுட்டுப் போட்டும், நட்டமொண்ணும் இல்லியே?" என்றாள். போற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். சாமி ரசத்துக்காகக் காத்திருந்தது.

அவளோடு ஒரு கல்யாணத்துக்கு மாட்டுவண்டியில் போனது இன்னும் நினைவிருக்கிறது. வண்டி கிளம்பும்முன் ஆளுக்கொரு உப்பிட்ட நாரத்தங்காய்த் துண்டு கொடுத்து, "வாயில போடுங்க, தலை சுத்தாது," என்றாள். அதுவரை எங்களில் யாருக்கும் தலை சுற்றியதில்லை. பிறகு ரங்கூன் கடலில் கப்பல் எப்படிச் சாயும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து காட்ட ஆரம்பித்தாள். நெய்யாற்றின்கரை சேர்வதற்குள் பாதிப் பேர் வாந்தி. "எல்லாருக்கும் கப்பல் யோகம் உண்டு," என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் அந்த வீட்டில் ஒரே ஒரு கவலை இருந்தது. அன்றைக்கு இடுப்பில் போன குழந்தை வளர்ந்து பினாங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "நம்ம மண்ணுலதான் கண்ணடைப்பேன்" என்று பெரியவர்தான் பிடிவாதம் பிடித்து மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் நானும் வந்துவிடுகிறேன் என்று துறைமுகத்தில் மகன் சொன்னானாம். வருஷங்கள்தான் வந்தன. பேசாத அந்த மனிதர் தினமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பய எப்ப வாறான்?"

ஒருநாள் பினாங்கிலிருந்து திரும்பிய காட்டாக்கடை ஊர்க்காரன் ஒருவன் மகனைப் பற்றிச் சேதி கொண்டுவந்தான். தெருவே முற்றத்தில் கூடிவிட்டது. பெரியவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மலையாளத்தில், "அம்மே, மோன் அவிடெத்தன்னெ தாமசமாயி," என்றான்.

நம் தமிழில் தாமசம் என்றால் தாமதம். மலையாளத்தில் அதற்குக் குடியிருப்பு என்றும் பொருள் உண்டு. மகன் அங்கேயே குடியேறிவிட்டான் என்பதுதான் சேதி. கப்பலம்மை கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கேட்டியளா? பயலுக்குத் தாமசமாம்! வர இன்னும் கொஞ்சம் தாமசம் ஆகுமாம்!"

"மெள்ள வரட்டு," என்று பெரியவர் சிரித்தபடி சாய்ந்துகொண்டார்.

ஊருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்று சீமை சுற்றியவளுக்கு நம் மலையாளம் தெரியவில்லையே என்று குளக்கரையில் வெகுநாள் இதே பேச்சு. அவள் காதுபடவே கேலி செய்தார்கள். யாரையும் சும்மா விடாதவள் அதற்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. எனக்குப் பொறுக்காமல் ஒருநாள் கிணற்றடியில் கேட்டுவிட்டேன்.

"அம்மே, அந்தத் தாமசம்ங்குற வாக்குக்கு மலையாளத்துல..."

"எனக்குத் தெரியாதா மக்கா? நான் மலையாளத்துல வழக்குப் பிடிச்சா போற்றியே காதைப் பொத்துவாரு." குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குப் போவோம்னு சொன்னது அவருல்லா? பய வரமாட்டான்னு தெரிஞ்சா, தன்னாலயாக்கும்னு நெஞ்சு பொட்டிப் போயிருவாரு. எனக்கு மலையாளம் தெரியாதுன்னே இருக்கட்டு."

அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டு, மணியடிக்க நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

மகன் எந்த நாளும் வரலாம் என்ற நம்பிக்கையோடேயே பெரியவர் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்படி மகன் ஒரு ஆளை அனுப்பினான். அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. ஆனாலும் சொன்னேன்.

"போங்க அம்மே. உங்களுக்குக் கடல்னா உயிருல்லா? பிள்ளையும் அங்க உண்டு."

"போலாம். எனக்கும் பயலைப் பாக்கணும்னு கொதியாத்தான் இருக்கு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் போனா, திங்கக்கிழமை தொட்டு நீ யாருகிட்ட மக்கா பேசுவ?"

வந்த ஆள் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிப்போனான். அவள் இருந்தவரைக்கும் அந்த ஊரில் திங்கட்கிழமை விடிவது எனக்குப் பயமாக இருந்ததில்லை.