தண்ணீரில் நான் போட்ட தையல்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம், உங்கள் தங்கையும் என் தையல் மெஷினும் உட்பட. அங்கு உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்; குறையாவிட்டாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கு வந்தாக வேண்டும். காரணத்தைச் சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் தங்கை பதினான்கு வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். மாலை வகுப்பில் ஆரம்ப உயிரியல் படித்துப் பாஸானால் அங்கேயே உதவியாளராக எடுத்துக்கொள்வதாகப் பெரிய டாக்டரம்மா சொன்னதும் தெரியும். போன தடவை முதல் தாளில் மூன்று மார்க்கில் கோட்டைவிட்டது தெரியாது. சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதான், இன்னொரு வாய்ப்பு கிடையாது. உயிரியல் என்றால் தவளை, இலை, குடல் என்று நினைத்துத்தான் நானும் தலையாட்டினேன். முதல் தாள் முழுக்க அணு. “உடம்பே அணுதாங்க. அது ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேருதுன்னு தெரியாம ரத்தத்தைப் பத்தி என்ன புரியும்?” என்று என்னையே கேட்டாள். அப்போது என் வாயில் நான்கு குண்டூசி இருந்தது.

அணு என்பது நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக எலக்ட்ரான். முதல் வட்டத்தில் இரண்டுக்குத்தான் இடம், அடுத்ததில் எட்டு. இதை மனதில் ஏற்றிக்கொள்ள என் கடையின் பட்டன் டப்பாக்கள் ஒன்று விடாமல் தரைக்கு வந்தன. தட்டைக் கவிழ்த்து அதன்மேல் சோடியம் செய்தாள்: உள்ளே இரண்டு, அடுத்து எட்டு, வெளியே தனியாக ஒன்று. அந்த ஒன்றைத் தூக்கிக் குளோரினிடம் கொடுத்துவிட்டால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஈர்ப்பு வந்து இரண்டும் உப்பாகிவிடுமாம். உப்பாகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஒன்று வக்கீல் கோட்டுக்கு நான் எடுத்துவைத்த எட்டில் ஒன்று. வக்கீல் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்து, “ஏழுதானே இருக்கு?” என்றார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் உள்ளேயிருந்து இவள், “வெளி வட்டத்துல ஏழு இருந்தா அப்படித்தான் சார், எட்டாவது கிடைக்கிற வரைக்கும் நிம்மதி இருக்காது” என்றாள். அவர் அதற்கப்புறம் கடைப்பக்கம் வரவில்லை.

எல்லா அணுவும் இப்படிக் கொடுத்து வாங்குவதில்லை. கார்பன், ஆக்சிஜன் எல்லாம் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு, அந்த இரண்டையும் பொதுவில் வைத்துக்கொள்ளும். நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே ஸ்கூட்டரை வைத்திருப்பது போலத்தான். என்ன, அணுவுக்குள் சண்டை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேர்வோடு ஒரு மாடலும் கொடுக்க வேண்டும், அதற்கு இருபது மார்க். உங்கள் தங்கை துணியில் தண்ணீர் செய்தாள். நீலத் துணியில் ஆக்சிஜன், வெள்ளையில் இரண்டு ஹைட்ரஜன், எலக்ட்ரானுக்குப் பட்டன். தேர்வன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது அது என் மெஷின்மேல் கிடந்தது. பார்த்தேன். ஆக்சிஜனின் வெளி வட்டத்தில் ஆறு பட்டன். இரண்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்திருந்தன. மீதி நான்கும் ஜோடி ஜோடியாக, எதையும் பிடிக்காமல் சும்மா நின்றன. மச்சான், எனக்கு முப்பத்தொரு வருடத் தொழில். மாட்டக் காஜா ஓட்டை இல்லாத பட்டனைப் பார்த்தால் என் கை நிற்காது. பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, மிச்சத் துணியில் இன்னும் இரண்டு ஹைட்ரஜன் வெட்டி, காஜா எடுத்து, ஜோடிக்கு ஒன்றாக மாட்டி, கழன்றுவிடாமல் சுற்றிலும் இரட்டைத் தையலும் போட்டு மடித்துவைத்தேன். பிரமாதமாக அமைந்தது. அவள் அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அவள் போனபிறகு, எனக்கு எவ்வளவு பாராட்டு கிடைக்கும் என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த இரண்டு ஜோடியும் யாரோடும் சேராமல் தனியாகத்தான் இருக்க வேண்டுமாம். தண்ணீர் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதே அவற்றால்தானாம். நான்கு ஹைட்ரஜன் வைத்தால் அது தண்ணீரே இல்லையாம்.

இன்றோடு பதினொரு நாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. “ஏன் உம்முன்னு இருக்கீங்க?” என்று கேட்கிறாள். ஊசி குத்திவிட்டது என்கிறேன். “தினமுமா?” என்கிறாள். நேற்று ஒரு பேன்ட்டுக்கு இரண்டு ஜிப் வைத்துவிட்டேன். பதினான்கு வருடம் குழாய் கழுவிய கை ஒருநாளாவது மைக்ரோஸ்கோப்பைத் தொடட்டும் என்று அவளைவிட நான்தான் ஆசைப்பட்டேன். அதில் நானே கத்தரி வைத்துவிட்டேன் என்பதை நினைத்தால் மனசு தாங்கவில்லை. ஞாயிறன்று நான் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அண்ணன் முன்னால் அவள் குரலை உயர்த்தமாட்டாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியின்றி, அணுப் பக்கம் போகாமல், நல்லபடியாக வளர என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, இது நான். ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி இந்தக் கவரை என்கிட்டேயே கொடுத்துட்டுப் போயிருக்கார், கவரைக்கூட ஒட்டலை. அன்னிக்குப் பஸ்லயே பையைத் திறந்து பார்த்துட்டேன். அந்த ரெண்டையும் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள என் ஸ்டாப் தாண்டிப் போயிடுச்சு, இவர் தையல் அப்படி. மாடலுக்கு இருபதுக்குப் பதினெட்டு. ரிசல்ட் செவ்வாய்க்கிழமையே வந்தாச்சு, பாஸ். இவரா எப்பச் சொல்றார்னுதான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவசியம் வாங்க, இவர் சொல்றதை நீங்களும் கேட்கணும். நான் பாஸானதை மட்டும் அதுவரைக்கும் சொல்லிடாதீங்க.